ஸ்டெல்லன்போஷில் வெந்தய வாசம்

புட்டிகளுக்குக் காலுறை மாட்டுவதுதான் அன்று எனக்குக் கிடைத்த முதல் வேலை. முழங்கால்வரை வரும் கறுப்புக் காலுறைகள் ஆறு. ஒயின் புட்டியின் மேல் இழுத்துவிட்டால் வாய் மட்டும் வெளியே தெரியும். அதற்கு முன்பு மூடியைக் கழற்றி, கழுத்தில் சுற்றியிருக்கும் தகட்டையும் முத்திரையையும் உரித்துவிட வேண்டும். அந்தத் தகட்டின் நிறத்தை வைத்தே எந்தத் தோட்டத்து ஒயின் என்று சொல்லிவிடும் ஆட்கள் உண்டு. காலுறைகளில் எண்களை ஒட்டி, எந்த எண்ணுக்குள் எது என்று எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நான் குடிப்பதில்லை. அதனால்தான், முகர்ந்தும் சுவைத்தும் ஒயினை அடையாளம் காணும் அந்தப் போட்டியின் நடுவர் பொறுப்பு என்னிடம் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது ஸ்டெல்லன்போஷ். 1679இல், கேப் எனப்பட்ட இந்தப் பகுதியை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நிர்வகித்த சைமன் வான் டெர் ஸ்டெல் உருவாக்கிய ஊர். நான் போனது பிப்ரவரிக் கடைசியில், அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் எங்கள் காருக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. நொதிக்கும் பழச்சாற்றின் புளிப்பு வாசம் சாலைவரை வந்தது. ஓக் மரங்கள் நிழல் விரித்த ஒரு விருந்தினர் விடுதியின் பின்கட்டில் நீண்ட மேசை போட்டிருந்தார்கள்.

ஒரு பக்கம் சென்னை அணி: என் கல்லூரி நண்பன், அவன் மனைவி, அவர்களுடன் வேலை செய்யும் இருவர். எதிரே டர்பன் அணி. கேப்டவுனில் நண்பனின் பக்கத்து வீட்டுக்காரர்கள்: கணவன், மனைவி, மனைவியின் தம்பி, பிறகு மனைவியின் தாயார். அவரை எல்லோரும் ஆயா என்றே அழைத்தார்கள். 76 வயது.

மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அவர்கள். அதற்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பலில் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர் ஆயாவின் பாட்டனார். ஆயா தமிழ் பேசுகிறார். பேரப்பிள்ளைகளிடம் மிஞ்சியிருப்பது உறவுமுறைச் சொற்களும் சமையல் சொற்களும்தான். அந்தச் சமையல் சொற்கள் எவ்வளவு பெரிய சொத்து என்பதை அன்று மாலை கண்டேன்.

முதல் சுற்றில் கண்ணைக் கட்டிவிட்டோம். பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடெரிக் ப்ரோஷே என்ற ஆய்வாளர், வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். கண் மூக்கை ஏமாற்றிவிடுகிறது. 2001இல் வெளிவந்த ஆய்வு. அதைப் படித்திருந்த நண்பன்தான் இந்தச் சுற்றை வைத்தான். பீப்பாயில் ஊறிய வெள்ளை ஷார்டனே ஒன்றைக் குளிர்விக்காமல் ஊற்றினேன். சின்சோ என்ற மெல்லிய சிவப்பு ஒயினை நன்றாகக் குளிரவைத்து ஊற்றினேன். எது வெள்ளை, எது சிவப்பு? சரியாகச் சொன்னவர்கள் சென்னை அணியில் ஒருவர், டர்பன் அணியில் இருவர். தலைக்கு ஒரு புள்ளி.

மூன்றாம் புட்டி சொவிஞ்ஞோன் ப்ளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின். சென்னை அணியின் தலைவர் ஒயின் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர். முகர்ந்த உடனே ‘கூஸ்பெரி’ என்றார். அந்தப் பழத்தைச் சாப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஐரோப்பாவில் விளையும் பழம் அது; அகராதியில் நெல்லிக்காய் என்று போட்டிருந்தாலும் நம் நெல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதிரணியில் ஆயாவின் மகள் நிதானமாக, “கொய்யா. பழுத்தது இல்லை, செங்காய். பின்னால் கொஞ்சம் குடைமிளகாய்” என்றார். நானும் கோப்பையை முகர்ந்து பார்த்தேன். கொய்யாவேதான். குடைமிளகாய்க்கு அந்த வாசத்தைத் தரும் பைரசீன் வகைச் சேர்மங்கள் இந்தத் திராட்சையிலும் இருக்கின்றன. இரண்டு அணிகளும் திராட்சையின் பெயரைச் சரியாகச் சொன்னதால் அணிக்கு இரண்டு புள்ளி கொடுத்தேன். மனத்துக்குள் டர்பனுக்குக் கூடுதலாக ஒன்று போட்டுக்கொண்டேன்.

நான்காவதில் டர்பன் தடுமாறியது. கேபர்னே திராட்சை என்றார்கள். நண்பனின் மனைவி கோப்பையை மூக்கருகே வைத்தவுடன், “மிளகு ரசம் கொதிக்கும்போது அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது” என்றார். அது ஷிராஸ் திராட்சை. சென்னைக்கு இரண்டு புள்ளி. ரொட்டண்டோன் என்ற பொருள்தான் ஷிராஸுக்கு அந்த வாசத்தைத் தருகிறது என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மிளகுக்கு வாசம் தருவதும் அதே பொருள்தான். அவர் உவமை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாவது, இந்த ஊரிலேயே பிறந்த பினோடாஜ் திராட்சை. 1925இல் ஆப்ரஹாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவாரையும் சின்சோவையும் மகரந்தம் சேர்த்துக் கலப்பினமாக்கினார். சின்சோவுக்கு அப்போது இங்கே ஹெர்மிடாஜ் என்று பெயர்; இரண்டு பெயர்களும் கலந்து பினோடாஜ் ஆனது. நான்கே விதைகளைத் தம் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதர் மண்டிய தோட்டத்திலிருந்து அந்த நாற்றுகளை இளம் விரிவுரையாளர் ஒருவர் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். புகை வாசமும் கனிந்த வாழைப்பழ வாசமும் காட்டிக்கொடுக்க, இரண்டு அணிகளும் கண்டுபிடித்துவிட்டன. சென்னை 7, டர்பன் 6.

இடைவேளையில் டர்பன் பிரியாணி வந்தது. அதில் பருப்பு போடுகிறார்கள், எனக்குப் பிடித்திருந்தது. சாப்பிடும்போது பேச்சு தோட்டக் கூலிகளைப் பற்றித் திரும்பியது. இங்கே திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மலிவான ஒயினாகவே கொடுக்கும் ‘டொப்’ முறை தலைமுறை தலைமுறையாக நடந்தது. சட்டம் தடுத்த பிறகும் பல காலம் நீடித்தது. குடிநோயும், தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளும் அதன் மிச்சம். இன்னொன்றும் எனக்கு நெஞ்சில் தைத்தது. டச்சுக் காலத்தில் கேப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பிடித்துவரப்பட்டவர்கள் இருந்தார்கள். பெயருக்குப் பின்னால் ‘வான் கொரமாண்டல்’ என்று பதிவேடுகளில் எழுதப்பட்டவர்கள். ட்ரூரோ கப்பலுக்கு நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கரை மனிதர்கள் இந்த மண்ணில் அடிமைகளாக உழைத்திருக்கிறார்கள். கொடி ஒடித்து நட்டவர்களிலும் அவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன மொழியில் அழுதார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதுவரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, “எங்கள் தாத்தாவுக்காவது ஐந்து வருடம் என்று ஒரு கணக்கு இருந்தது” என்றார்.

ஆறாம் புட்டி இனிப்பு ஒயின். பெயர் கேட்கவில்லை, எப்படிச் செய்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு புள்ளி. பொன்னிறமாக, தேன்போலக் கோப்பையில் ஒட்டிக்கொண்டு இறங்கியது. சென்னை அணி கூடிப் பேசி, பழத்தை வைக்கோலில் உலர்த்திச் செய்தது என்று முடிவுக்கு வந்தது. டர்பன் அணியில் ஆளுக்கொரு கருத்து. தேன் என்றார் மருமகன். ஆப்ரிகாட் என்றார் மகள். ஆயா ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, இது வெந்தியம். எங்கள் அம்மா ஊறுகாய்க்கு வறுப்பார்களே, அந்த வெந்தியம்” என்றார்.

மேசை ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. மருமகன் கோப்பையை மறுபடி முகர்ந்தார். “அப்படியென்றால் பூஞ்சை பிடித்த திராட்சை” என்றார்.

சீட்டில் இருந்ததும் அதுதான்: நோபிள் லேட் ஹார்வெஸ்ட். பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை பழத்தோலைத் துளைக்க, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிச் சர்க்கரை திரளும். அப்படி வாடிய பழத்திலிருந்து பிழிந்த ஒயினில் சோட்டோலான் என்ற மணப்பொருள் உருவாகிறது. வெந்தயத்தின் வாசத்துக்கும் அதே சோட்டோலான்தான் காரணம். மருமகன் எங்கோ படித்துவைத்திருந்தார். ஆனால் ஆயா சொல்லும்வரை அவர் மூக்குக்கு அது எட்டவில்லை.

டர்பன் 8, சென்னை 7.

சென்னை அணித்தலைவர் எழுந்து வந்து ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடுதியின் சமையலறைக்குள் போனார். பிரியாணிக்காகக் கொண்டுவந்திருந்த மசாலா டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை வெந்தயத்தை வெறும் சட்டியில் வறுத்து எடுத்துவந்தார். அதை ஒரு கையிலும் கோப்பையை மறு கையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறி முகர்ந்தார். எட்டுப் பேரும் அதேபோல முகர்ந்தார்கள். கடைசியில் நானும்.

அடுத்த போட்டி ஆடி மாதம் டர்பனில், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரத்தில். காலுறைகளைத் துவைத்து எடுத்துவைக்கும்படி ஆயா என்னிடமே கொடுத்திருக்கிறார்.