வேலையை விடாமல் நாவல் பதிப்பிக்க: மூன்றாம் புத்தகம் வரை ஒரு கணக்கு

சொந்தமாக நாவல் போடுகிற பலர் முதல் புத்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள். முதல் புத்தகத்திலேயே கைக்காசு மொத்தத்தையும் கொட்டிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். 500 பிரதி அச்சடிப்பார்கள். வெளியீட்டு விழா நடக்கும், உறவும் நட்பும் ஆளுக்கொன்று வாங்கும், மீதிக் கட்டுகள் மச்சில் ஏறும். இரண்டாவதை எழுத உட்காரும்போது பணமும் இருக்காது, மனமும் இருக்காது. புனைவுக்கு வாசகர் சேர்வது ஒன்றைப் படித்துப் பிடித்தவர் அடுத்ததைக் கேட்கும்போதுதான். கேட்கும்போது இரண்டாவது கையில் இருக்க வேண்டும், மூன்றாவது வந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே சம்பளக்காரர் போடவேண்டிய கணக்கு ஒன்றுதான்: மூன்று புத்தகம் வரைக்கும் கையைக் கடிக்காமல் போக என்ன வழி?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது புதிதில்லை. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டே சுந்தர ராமசாமி எழுதினார். மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்துக்கொண்டே தோப்பில் முஹம்மது மீரான் எழுதினார். சோற்றுக்குத் தொழில் இருந்ததால் எழுத்தை அவசரப்படுத்தத் தேவையில்லாமல் இருந்தது.

நேரத்தை நாளாகப் போடாமல் வாரமாகப் போடுங்கள். 'தினமும் ஆயிரம் சொல்' என்று தொடங்கினால், ஷிஃப்ட் மாறும் முதல் வாரத்திலேயே அது குலையும். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 400 சொல். வாரத்துக்கு 1,600 ஆயிற்று. 30 வாரத்தில் 48,000 சொல், ஒரு நாவலின் முதல் வரைவு. அடுத்த 10 வாரம் திருத்தத்துக்கு. மிச்சம் 12 வாரத்தை வருடத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுத்துவிட வேண்டும்: கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காடு கொடை, பிள்ளைகளின் பரீட்சை, கல்யாண வீடுகள். இவற்றோடு மல்லுக்கட்டி எழுதி முடித்தவர் குறைவு.

நாகர்கோவிலிலோ இரணியலிலோ குழித்துறையிலோ ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பயணமே எழுதும் மேஜை. காலைப் பயணத்தில் புதிதாக எழுதுங்கள். மாலையில் மூளை ஓய்ந்திருக்கும், அப்போது முந்தின நாள் எழுதியதைப் படித்துக் குறிப்பு மட்டும் போட்டால் போதும். கைபேசியில் தமிழ்99 விசைப்பலகை பழகிவிட்டால் வேகம் கூடும். குரல்வழித் தட்டச்சு விவரிப்புக்கு உதவும், உரையாடலுக்கு உதவாது. நாஞ்சில் நாட்டுப் பேச்சை அது பொதுத்தமிழாக்கும், இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத வேறொரு சொல்லைப் போடும். நிறுத்தற்குறிகளையும் பெரும்பாலும் நீங்களேதான் போடவேண்டி வரும்.

வேலை பற்றி ஒரு எச்சரிக்கை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அலுவல் பணி கெடாத வரை, அவ்வப்போது செய்யும் இலக்கியப் பணியை முன் அனுமதியில்லாமல் அனுமதிக்கின்றன. தமிழக அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டு விதிகள் தனியாக உண்டு. எந்த அரசு வேலையானாலும் எழுதுவது வேறு, பதிப்பகம் நடத்துவது வேறு. இரண்டாவது வியாபாரம். அதற்கு அனுமதி வேண்டும். அலுவலகத் தலைமைக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். தனியார் வேலை என்றால் நியமன ஒப்பந்தத்தில் வெளிவேலை, அறிவுசார் சொத்து ஆகிய பிரிவுகளைப் படியுங்கள். எப்படியிருந்தாலும் நாவலை அலுவலக மடிக்கணினியில் வைக்க வேண்டாம்.

அடுத்து வருவதுதான் பலர் அலட்சியப்படுத்துவது: கோப்பு. தாய்க்கோப்பு ஒன்றே ஒன்று, யூனிகோடில், உங்களிடம் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் வேலை செய்யும் அச்சகங்கள் இன்னும் உண்டு. அவர்கள் உங்கள் கோப்பை மாற்றிக்கொள்ளும்போது எழுத்துகள் உடையும். ஆகவே மாற்றிய பிறகு இன்னொரு முறை மெய்ப்பு (புரூஃப்) பார்த்தே ஆக வேண்டும், மாற்றுவதற்கு முன் பார்த்தது கணக்கில் சேராது. அங்கே உட்கார்ந்து திருத்தும் பிழைகள் தாய்க்கோப்புக்குத் தானாக வராது என்பதும் மறந்துபோகும். இரண்டாம் பதிப்பிலும் மின்னூலிலும் அதே பிழை திரும்ப முளைப்பதன் காரணம் இதுதான். மெய்ப்புத் தாளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு டிக்: ஒன்று அச்சுக்கோப்புக்கு, ஒன்று தாய்க்கோப்புக்கு.

கண்ணுக்குத் தப்பும் பிழைகளில் முதலாவது ஔகாரம். 'கௌரி' என்பதைக் 'கெளரி' என்று, அதாவது கெ, ள, ரி என மூன்று எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். 'ஔவை'யை ஒ, ள என்று பிரித்துத் தட்டியிருப்பார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. மின்னூலில் தேடினால் அந்தப் பெயர் சிக்காது, ஒலியாகப் படிக்கும் செயலி 'கெ-ள-ரி' என்று படிக்கும். இதைத் தேடித் திருத்தும்போது 'அனைத்தையும் மாற்று' பொத்தானை அழுத்தவே கூடாது. 'ஒள'வை 'ஔ' ஆக்கினால் ஒளியும் ஒளிந்தவனும் சேர்ந்து கெடுவார்கள், 'தெள'வைத் தொட்டால் தெளிவு போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அடுத்தது துணைக்காலும் ரகரமும் இடம் மாறுவது. பழைய தாளை ஸ்கேன் செய்து எழுத்தாக்கியிருந்தால் 'கொடு' என்பது 'கெரடு' ஆகியிருக்கும். 'ெர' என்று தேடினால் பெரும்பாலானவை அகப்படும்.

அச்சுப் பக்கத்தில் இருபுறமும் வரி சமமாக நிற்க வேண்டுமென்றால் நீளமான தமிழ்ச் சொற்களால் வரிக்குள் ஓட்டை விழும். சொல்லை உடைக்க அனுமதிக்கலாம். ஆனால் அடுத்த வரி புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. லேஅவுட் செய்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வட்டார வழக்குக்கு ஒரு சொற்பட்டியல் தேவை. ஒரு பாத்திரம் 'சொல்லுகேன்' என்று பேசினால் கடைசிப் பக்கம் வரை அப்படியே பேச வேண்டும். நடுவில் 'சொல்லுதேன்' வந்தால் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். விளவங்கோட்டுப் பேச்சும் தோவாளைப் பேச்சும் ஒன்றில்லை. பாத்திரத்தின் பெயர், ஊர், சமூகம், வயது, வினைமுற்று வடிவங்கள் எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். முன்வாசிப்புக்கு மூன்று பேர் போதும். ஒருவர் உள்ளூர்க்காரர், பேச்சு பிசகினால் அவருக்குக் காது சொல்லிவிடும். மற்ற இருவர் மதுரைக்கு வடக்கே உள்ளவர்களாக இருந்தால் நல்லது. மரச்சீனியும் (மரவள்ளி) விளையும் (தோப்பு) அவர்களுக்குச் சூழலிலிருந்தே விளங்குகின்றனவா என்று கேளுங்கள். விளங்காத இடத்தில் வாக்கியத்தைத் திருத்துங்கள், அடிக்குறிப்பு போடாதீர்கள். புனைவுக்குள் அடிக்குறிப்பு வந்தால் வாசகர் கதையிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்.

மின்னூலில் சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது. பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தொடராகப் போட்டால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாசகர் கருத்து வரும், எங்கே விட்டுப் போகிறார்கள் என்பது தெரியும். அமேசான் கிண்டிலில் இந்தியாவுக்கான 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி (அமேசானின் சுயபதிப்புத் தளம்) தரும் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், அதற்கு மின்வடிவில் அந்த நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்காகப் 10 சதவீதம் வரை வெளியே இருக்கலாம். ஆகவே முதலில் தொடர், பிறகு தொடரையும் முகநூல் பதிவுகளையும் வலைப்பக்கத்தையும் நீக்குதல், பிறகுதான் கிண்டில். இந்த வரிசை தவறினால் நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, உரிமை உங்களுடையதுதானா என்று கேட்டு மின்னஞ்சல் வரும், வெளியீடு நின்றுபோகும். நண்பர்கள் பிடிஎஃப் ஆகச் சுற்றவிட்டதும் இதில் சேரும். அச்சுப் பிரதிக்கு இந்தத் தடை கிடையாது.

செலக்ட் 90 நாள் கட்டு. அதற்குள் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம். முதல் புத்தகத்துக்கு அந்த 5 நாளையும் இரண்டாம் புத்தகம் வெளிவரும் வாரத்தில் செலவழிப்பதே சரி, தனியாக நிற்கும் ஒற்றைப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்துப் பயனில்லை. 70 சதவீதத்தில் கோப்பின் எடைக்கு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் பிடிப்பார்கள், ஆகவே உள்ளே படங்களைத் திணிக்க வேண்டாம். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் வாசகர் படித்த பக்கங்களுக்குப் பணம் வரும், பக்கத்துக்கான விகிதம் மாதாமாதம் மாறும். மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாளில் வங்கியில் விழும். கணக்குத் தொடங்கும்போது வரி விவரக் கேள்விகளில் பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் அமெரிக்க விற்பனை ராயல்டியில் 15 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள், கொடுக்காவிட்டால் 30.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். 'ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்கும் நிறுவனங்களின் தொகுப்புத் திட்டங்களில், அந்த எண் யார் பெயரில் பதிவாகும் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் பெயரில் என்றால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான். லேஅவுட்டின் திறந்த (பிறகு திருத்தக்கூடிய) கோப்பும் அட்டையின் அடுக்குக் கோப்பும் உங்கள் கைக்கு வருமா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. அதை யாருக்காவது மாற்றிக் கொடுத்தால் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகளைத் தொகுத்து ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி அச்சுக் கணக்கு. திருத்தத்தில் 48,000 சொல் 42,000 ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்துக்கு வழக்கமான டெமி 1/8 அளவில், 11 பாயின்ட் எழுத்தில், பக்கத்துக்குச் சுமார் 230 சொல் பிடிக்கும். முன்பக்கங்களும் அத்தியாயத் தொடக்கங்களும் சேர்த்து 192 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரமாக (ஒரே தாளில் அச்சாகி மடியும் தொகுதி) சரியாக 12. உள்ளே 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்துக்கான அளவு) நேச்சுரல் ஷேட் தாள், அட்டை 300 ஜிஎஸ்எம். முதல் அச்சு 50 பிரதிக்கு மேல் வேண்டாம், டிஜிட்டல் அச்சில் எடுங்கள். பிரதிக்கு ஆகும் விலை ஆஃப்செட்டைவிடக் கூடுதல்தான். ஆனால் மொத்தமாக முடங்கும் பணம் குறைவு, மிஞ்சும் பணம் இரண்டாம் புத்தகத்துக்கு.

பிரதி அடக்கம் 120 ரூபாய், விலை 260 என்று எடுத்துக்கொள்வோம். கடைக்கு 40 சதவீதக் கழிவு என்றால் 104 போய் 156 வரும், அடக்கம் போக 36. இதிலேதான் பார்சல் செலவும், திரும்பி வரும் மூலை மடங்கிய பிரதிகளும். நேராக விற்றால் 140. ஆகவே முதல் 50-இல் 40 நேர்விற்பனைக்கு, 10 மட்டும் கடைக்கு. கடைக்குக் கொடுத்தால் தேதியும் பிரதி எண்ணிக்கையும் எழுதிய சீட்டு இல்லாமல் வராதீர்கள்.

192 பக்கம் இந்தத் தாளில் சுமார் 220 கிராம், உறையோடு 300 கிராமுக்குள் நிற்கும். அஞ்சல் துறையின் புத்தக அஞ்சல் சேவையான ஞான் போஸ்ட் 2025 மே 1-இல் தொடங்கியது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. சமூக, பண்பாட்டு, சமய, கல்வி நூல்களுக்கானது அது, வணிக நோக்கிலானவை சேராது. புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். கவுண்டரில் ஒரு பிரதியைக் காட்டி முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்கவில்லை என்றால் பார்சல் கட்டணத்தை விலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பிரதி அனுப்புவது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் கடமை. இப்போது பதிப்பாளர் நீங்கள்தான்.

வருமான வரியில், புத்தகம் விற்ற லாபம் தொழில் வருமானம். அது வந்துவிட்டால் சம்பளக்காரர் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவம் பொருந்தாது. எழுத்தாளர் ராயல்டிக்கான கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு.

கடைசியாக, இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் புத்தகம் வைக்கும் இடம். அட்டையின் வெளிப்பக்கம் மட்டும்தான் லேமினேஷன். உள்பக்கம் ஈரம் குடித்து விரியும், வெளிப்பக்கம் விரியாது. அதனால் அட்டை வெளிப்புறமாகச் சுருண்டு நிற்கும். கட்டுகளைப் படுக்கவைத்து மேலே பலகையும் பாரமும் வையுங்கள். தரையிலிருந்து அரையடி உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரச்சட்டத்தின் மேல் இருக்கட்டும். தரையைத் தொட்டால் கரையான், சுவரைத் தொட்டால் பூஞ்சை. ஜூனிலும் அக்டோபரிலும் புதிதாக அச்சடித்து வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது. கையிருப்பு 15-க்கு இறங்கும்போது தாய்க்கோப்பில் சேர்ந்திருக்கும் திருத்தங்களை அச்சுக்கோப்பில் ஏற்றி, அடுத்த 30 பிரதிக்குச் சொல்லுங்கள். அந்த அச்சின் கடைசிப் பக்கத்தில் இரண்டாம் புத்தகத்தின் பெயரும், அதைக் கேட்டு வாங்க ஒரு வாட்ஸ்அப் எண்ணும் போய்விட வேண்டும்.