கால் மணி நேரத்தில் நிற்கும் எஞ்சின்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கராஜில்தான் வேலை பழகினேன். லொறி, ஜெனரேட்டர் என்று டீசல் எஞ்சின்கள் கைக்குப் பழகியிருந்தன. அந்தத் துணிச்சலில்தான் துறைமுகத்தில் நின்ற ஒரு பாய்மரப் படகைப் பார்க்கப் போனேன். உள்ளே இரண்டு சிலிண்டர் யன்மார் டீசல் எஞ்சின். உடனே ஸ்டார்ட் ஆகும், கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும்.

இரண்டு டீசல் பில்டரையும் மாற்றினேன். பில்டர் தலையில், பிறகு பம்பில், கடைசியாக நோஸில் நட்டுகளில் என்று வரிசையாக, டீசலில் சிக்கியிருக்கும் எயாரை வெளியே எடுத்தேன். மறுபடியும் கால் மணி நேரம்தான். பம்பைக் கழற்றத் தீர்மானித்தபோது, முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு வேலை செய்யும் ஒரு ஐயாவை அழைத்தேன்.

அவர் வந்தபோது ஸ்டார்ட்டரை இழுத்துக்கொண்டிருந்தேன். முதலில், எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் வரும் வால்வை மூடினார். எஞ்சின் பற்றாமல் சுற்றினாலும் கடல்நீர் பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும். அந்த நீரை வெளியே தள்ளப் புகை இல்லாததால் சைலன்சர் நிரம்பி, உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். லொறியில் இந்த ஆபத்து இல்லை. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

“தம்பி, நிக்கேக்க எப்பிடி நிண்டது? டக்கெண்டா, இழுத்து இழுத்தா?”

இழுத்து இழுத்துத்தான். அந்தச் சத்தத்தை நாலு தடவை கேட்டும் நான் அதை ஒரு தகவலாக எடுக்கவில்லை. டீசல் போதாமல் பட்டினி கிடக்கும் எஞ்சின் அப்படித்தான் அடங்கும்.

ஐந்து லீட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, எஞ்சினுக்கு டீசல் போகும் குழாயையும் மிச்சம் திரும்பும் குழாயையும் அதற்குள் விட்டார். ஒரு மணி நேரம் ஓடியது. அப்படியென்றால் எஞ்சினில் குறை இல்லை, தாங்கிப் பக்கம்தான்.

தாங்கிக்குள் இறங்கும் குழாயின் நுனியில் ஒரு வலை. அதில் கருஞ்சளி. பாய்மரப் படகில் எஞ்சின் அதிகம் ஓடுவதில்லை. டீசல் மாதக்கணக்கில் தேங்கும். பாதி காலியான தாங்கியில் ஈரக்காற்று தண்ணீராகப் படிய, டீசலும் தண்ணீரும் தொடும் இடத்தில் கிருமிகள் வளரும். எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச அந்தச் சளி வலையை மூடும், நின்றதும் உதிரும். அதனால்தான் மறுபடி ஓடியது.

தாங்கியைக் கழுவி வலையை வெட்டி எறிந்தோம். அழுக்கைப் பிடிப்பது பில்டரின் வேலை. அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. காற்றில்லாத நேரத்தில் துறைமுக வாயில் அந்த எஞ்சின் நின்றிருந்தால் என்று இப்போதும் யோசிப்பேன்.

ஒரு ஐந்து லீட்டர் கேனும், குமிழி தெரியும்படியான தெளிந்த குழாய் இரண்டும் அன்றிலிருந்து என் பெட்டியில் இருக்கின்றன.