கோட்டை வாயிலில் இரண்டு மீன்கள்

இன்று மாலை மகளுடன் திருகோணமலையில் கடலோர மலைமேல் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டை வாயிலில் நின்றுவிட்டேன். வாயிற்கல்லில் இரண்டு கயல்கள், பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். விரலால் தடவினால் வரிகள் தட்டுப்படுகின்றன.

சம்பந்தர் பாடிய தலம் இது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே இந்தக் கோட்டையைக் கட்டினான். சிலைகளும் தூண்களும் கடலுக்குள் போயின.

அவற்றை 1956இல் மலையடியில் மூழ்கிப் பார்த்தவர்கள் மைக் வில்சனும் அவர் நண்பரான அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும். செயற்கைக்கோள் வழியாக உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945லேயே கட்டுரை எழுதிய அதே கிளார்க்! தன் இறுதி நிகழ்வில் எந்த மதச் சடங்கும் கூடாது என்று எழுதிவைத்தவர். ஆனாலும் எங்கள் கோயிலின் தூண்களைத் தேடி இந்தக் கடலில் இறங்கினார். அந்த மனிதர்மேல் எனக்குத் தீராத நன்றி.

"சாமி கும்பிடாதவர் ஏன் கோயிலைத் தேடினார், அப்பா?" என்று மகள் கேட்டாள். பதில் சொல்லத் தொடங்கி, இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுவரை பேசிக்கொண்டே நடந்தோம். கீழே கடல் கறுத்துக்கொண்டிருந்தது. அவள் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.