சேர் எழுதிய குடும்பப் பெயர்

தாவரவியல் சேர் காலமான செய்தி வட்சப் குழுவில் வந்ததும், நம் வகுப்பில் பாதிப்பேர் "டெரிடேசியே" என்ற பட்டப்பெயரைச் சொல்லித்தான் அஞ்சலி எழுதினார்கள். அந்தப் பெயர் பிறந்த நாளில் நான் முன்வாங்கில் இருந்தேன்.

பாடத்திட்டத்துப் பன்னம் (பெரணி) நெப்ரோலெப்பிஸ். இலையின் அடியில் சிறுநீரக வடிவ மூடி, அதன் கீழ் வித்திக்கலன்கள், அதாவது வித்திகள் உண்டாகும் சிறு பைகள். படம் கீறினால் சோதனையில் புள்ளி. சேர் அதோடு விடவில்லை. வாவிக்கரைக் கண்ணாக்காட்டு (அலையாத்திக் காடு) சேற்றில் இறங்கி, ஆளுயர ஓலையொன்றை வெட்டி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அக்ரொஸ்டிக்கம் ஓரியம்.

"மூடியைக் காட்டுங்க பாப்பம்."

மூடியே இல்லை. ஓலையின் மேல் சீறிலைகளின் (சிற்றிலைகளின்) அடிப்புறம் முழுக்க இடைவெளியில்லாமல் வித்திக்கலன்கள், துருப்பிடித்த தகரம் போல. கீழ்ச் சீறிலைகள் வெறும் பச்சை. இப்படி அடிப்புறம் நிறைந்த பன்னங்களையெல்லாம் தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1753 இல் அக்ரொஸ்டிக்கம் என்ற ஒரே சாதிக்குள் (பேரினத்துக்குள்) போட்டார், பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே, கரும்பலகையில் குடும்பம்: டெரிடேசியே என்று எழுதினார்.

அன்றைக்கென்று மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி. "புத்தகத்தில பொலிப்போடியேசியே எண்டல்லோ கிடக்கு?" என்று டஸ்டரை எடுத்துத் தானே அழித்தார். சேர் வாய் திறக்கவில்லை. சோக்கை மேசையில் வைத்து, கையை வேட்டியில் துடைத்தார். பின்வாங்கில் யாரோ சிரித்தான், அப்புறம் எல்லோரும்.

அந்தப் பழைய பொலிப்போடியேசியே, கிடைத்த பன்னத்தையெல்லாம் போட்டு வைத்த கூடை. 2016 இல் உலகப் பன்ன ஆய்வாளர்கள் கூடி வெளியிட்ட வகைப்பாட்டில் அக்ரொஸ்டிக்கம் டெரிடேசியேயில்தான் இருக்கிறது. டீஎன்ஏ ஆய்வுகளின்படி அதன் நெருங்கிய சொந்தம், நன்னீரில் வளரும், அதைவிடச் சிறிய செரட்டொப்டெரிஸ். சேர் கேட்டிருந்தால் ஒரு கிழமைக்குப் பாடமே நடந்திராது.

ரொறொன்ரோவில் இருந்து நான் இதை வாசித்தபோது சேர் ஊரில்தான் இருந்தார், ஓய்வூதியத்தோடு. அதற்குப் பிறகும் நான் ஊர் போனேன். மாமாங்கத் திருவிழா, கல்யாண வீடுகள், கல்லடிக் கடற்கரை; சேர் வீட்டுக்கு மட்டும் நேரம் வரவில்லை.

இப்போது அவர் நினைவாக ஆய்வுகூடத்துக்குப் பெயின்ட் அடிக்கக் காசு சேர்க்கிறோம். நானும் போட்டேன். கூடவே, ஒரு பெரிய சாடியில் வாவிச் சேறு நிரப்பி அந்தப் பன்னத்தையும் வளர்க்கலாமே என்றேன். தலைவர் "பாப்பம்" என்றார்.