ஓசி டிக்கெட், கூட ஒரு குடை

எங்க தூத்துக்குடில ஹார்பருக்கு வஉசி பேரு, காலேஜுக்கு வஉசி பேரு, மார்க்கெட்டுக்கும் அவரு பேருதான். ஆனா அவரு என்ன பண்ணாருன்னு கேட்டா கப்பல் விட்டாரு, செக்கு இழுத்தாருன்னு முடிச்சிருவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். இப்ப எனக்கு அந்த மனுசனோட கணக்கு வழக்குதான் மனசுல நிக்கிது.

1906 அக்டோபர்ல சுதேசி கப்பல் கம்பெனிய ரிஜிஸ்டர் பண்றாங்க. மூலதனம் 10 லட்சம், ஷேர் 25 ரூபா வீதம் 40,000 ஷேர். மொதல்ல வாடகைக் கப்பல்தான், அதையும் போட்டிக்கு கப்பல் விட்ட வெள்ளைக்கார கம்பெனிக்காரன், அந்தக் கப்பல் ஓனர்கிட்ட பேசி நிறுத்திட்டான், சரி சொந்தக் கப்பல் இல்லாம ஊர் திரும்பமாட்டேன்னு பம்பாய்க்குப் போயி நின்னு 1907-ல காலியாங்கிற கப்பல கொண்டு வந்துட்டாரு. பேருதான் காலியா, 1300 பேரு ஏறலாம்!

அப்புறம் ஆரம்பிச்சது ரேட் சண்டை. கொழும்புக்கு அவன் 1 ரூபான்னு குறைச்சான், இவங்க எட்டணான்னாங்க, கடைசில அவன் டிக்கெட்டே வேண்டாம் சும்மா வாங்க, கூட ஒரு குடையும் தாரேன்னுட்டான். தூத்துக்குடி வெயில்ல ஓசில குடை! நானா இருந்தா எந்தக் கப்பல்ல ஏறிருப்பேன்னு யோசிச்சா பதில் சொல்ல கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

1908-ல கோரல் மில்லுன்னு நூல் மில்லுல தொழிலாளிங்க ஸ்ட்ரைக். சம்பள உயர்வு, ஞாயித்துக்கெழம லீவு, ரெண்டையும் ஒம்போது நாள்ல வாங்கிக் குடுத்தாரு. அந்த நேரம் ஊரு இவரு பக்கம் எப்படி நின்னுச்சுன்னா, இவருக்கு எதிரா இருந்த ஒரு வக்கீலுக்கு சவரம் பண்ணிட்டு இருந்தவரு பாதிலயே கத்திய மடக்கிட்டு கிளம்பிட்டாரு, வக்கீல் அரை முகத்தோட உக்காந்திருக்காரு. இதப் படிச்சிட்டு நான் தனியா சிரிச்சிட்டு இருந்தேன்.

மார்ச் 12 வஉசி அரெஸ்ட், மறுநாள் திருநெல்வேலில கலவரம். ஜூலைல ஜட்ஜ் பின்ஹே போட்ட தண்டனை 40 வருஷம், அப்பீல்ல குறைஞ்சுது. கோயம்புத்தூர் ஜெயில், செக்கு, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விடுங்க.

1912 டிசம்பர்ல வெளிய வாராரு. வாசல்ல கூட்டமெல்லாம் இல்ல, சுப்பிரமணிய சிவாவும் இன்னும் சில பேரும்தான். கம்பெனிய அதுக்குள்ள இழுத்து மூடியாச்சு, காலியாவ அந்த எதிரி கம்பெனிக்கே வித்துட்டாங்க (இந்த எடத்துல எனக்கு வர்ற கோவத்த எழுதினா நல்லாருக்காது). வக்கீல் சன்னதும் (அதான், வக்கீல் லைசென்ஸ்) போச்சு. சென்னைல குடும்பத்தோட கஷ்டப்பட்டுட்டு இருக்கப்போ, தென்னாப்பிரிக்காவுல நம்மாளுங்க இவருக்குன்னு வசூல் பண்ணி காந்திகிட்ட குடுத்த பணம் என்னாச்சுன்னு லெட்டர் மேல லெட்டரா போட்டு கேட்டுட்டே இருந்திருக்காரு. 10 லட்சம் கம்பெனி நடத்துன ஆளு. 1916-ல கடைசியா வந்து சேந்தது 347 ரூபா 12 அணா.