காலு வலிக்கலையா ஆத்தா ஒனக்கு

இந்த ஆடி கடைசி வெள்ளிக்கு சாத்தூர் பக்கத்துல இருக்குற இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். வந்து பத்து நாளாச்சு, இன்னும் மனசு அங்கனயே தான் கெடக்கு, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கோர்வையா வராது, பொறுத்துக்கோங்க.

வேண்டுதல் என்னோடது. அப்பத்தாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. மதுரைல கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப வயசையும் சுகரையும் பாத்துட்டு டாக்டர் கொஞ்சம் யோசிச்சாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்துகிட்டே, ஆத்தா இருக்கன்குடியா, நல்லபடியா முடிச்சுக் குடு, வெள்ளியில கண்மலர், அதான் கண்ணு மாதிரி செஞ்ச தகடு, வாங்கிட்டு வந்து போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். முடிஞ்சுது, நல்லாவே முடிஞ்சுது. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு என் மொகத்தப் பாத்து மொத வார்த்தை "ஏ தாயி, இம்புட்டு கறுத்துப் போயிட்ட"ன்னு. திருப்பூர்ல கம்பெனி வேலை பாத்தா பின்ன செவப்பாவா இருப்பாங்க.

அப்பத்தாவுக்கும் இருக்கன்குடியாளுக்கும் உள்ள கணக்கு ரொம்பப் பழசு. எங்களுக்கு ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு சின்ன ஊரு, மானம் பாத்த கரிசல் காடு. அப்பத்தாவுக்கு ஆதார் கார்டுல 1942 ஜனவரி 1ன்னு பொறந்தநாள் போட்டிருக்கு, ஊர்ல பாதிக் கெழவிகளுக்கு அதே பொறந்தநாள் தான். தாத்தா கெணறு வெட்டப் போன எடத்துல மண்ணு சரிஞ்சு செத்துட்டாரு, அப்ப எங்கப்பாவுக்கு அஞ்சு வயசு, சித்தப்பா தவழுற புள்ள, அத்தை வயித்துல. மறு வருசம் பங்குனி வெயில்ல அப்பாவுக்கு அம்மை போட்டுருச்சு. மத்த முத்தெல்லாம் எறங்கிருச்சு, கண்ணுல மட்டும் பூ விழுந்த மாதிரி வெள்ளையா மறைச்சிருச்சாம், புள்ள வெளிச்சத்தப் பாத்தாலே கத்துமாம். அப்பத்தா, சித்தப்பாவத் தன்னோட அம்மாகிட்ட விட்டுட்டு, கைப்புள்ளய மாராப்புல கட்டி, எங்கப்பாவ இடுப்புல தூக்கி, சாத்தூர் வரைக்கும் பருத்தி ஏத்திட்டுப் போன மாட்டு வண்டியில போயி, அங்கிருந்து கெழக்க நடந்தே போயிருக்கா. வைப்பாத்துல சொட்டுத் தண்ணி கெடையாது, மணல் சுட்டதுல காலு கொப்பளிச்சுப் போச்சாம். அங்கனயே வயனம் இருந்து, அதாவது வேண்டுதலுக்காகக் கோயில்லயே தங்கி, ரெண்டு வேளையும் அம்மன் தீர்த்தத்தக் கண்ணுல விட்டு, பக்கத்துல சமைச்சவங்க குடுத்த சோத்தத் தின்னுகிட்டுக் கெடந்திருக்கா. அப்பாவுக்கு இன்னிக்கும் எடது கண்ணோரத்துல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு. மத்தபடி கண்ணாடி இல்லாமத்தான் பேப்பர் படிக்கிறாரு.

அன்னிலருந்து ஆடி கடைசி வெள்ளி ஒண்ணு தப்புனதில்ல. கொரோனாவுக்குக் கோயில் சாத்தியிருந்தப்ப மட்டும் வாசல்ல நின்னு அந்தத் தெசையப் பாத்துச் சூடம் கொளுத்துனா.

மூணு புள்ளைகளையும் எப்படி வளத்தான்னு கேட்டா "அதுக பாட்டுக்கு வளந்துச்சுக"ம்பா. அதுக பாட்டுக்கா வளந்துச்சுக? கம்பு அறுக்க, பருத்தி எடுக்க, மொளகாப் பழம் பெறக்க, ஒடை மரம் வெட்டிச் சொமக்க, காடு ஓஞ்ச மாசங்கள்ல வீட்லயே தீப்பெட்டி ஒட்டுறது. ஒரு குரோஸுன்னா 144 பெட்டி, குரோஸுக்கு இவ்ளோன்னு கூலி. பசையில மயில்துத்தம் கலந்திருக்கும், பசியில புள்ளைக வாயில வச்சிருமோன்னு பசைச்சட்டிய மடியிலயே வச்சுக்கிட்டு ஒட்டுவாளாம், அத்தை இதச் சொல்லும்போதெல்லாம் அழுதுரும். அப்பத்தா அழுது நான் பாத்ததில்ல. நூறுநாள் வேலைக்குக் கூட போன வருசம் வரைக்கும் மம்பட்டியத் தூக்கிட்டுப் போயிட்டு இருந்தா, கண்ணு தெரியாமப் பக்கத்துல நின்னவ கால்ல போட்டுருக்கப் பாத்தா, அப்புறந்தான் எங்களுக்கே விசயம் தெரிஞ்சுது.

சரி கோயிலுக்கு வாரேன். வியாழக்கிழமை சாயங்காலமே கெளம்புனோம், வேன் பிடிச்சு பதினாலு பேரு. சாத்தூர் தாண்டுனதுமே ரோடு முழுக்க மஞ்சச் சேலை, செவப்புச் சேலை, கையில வேப்பிலை, கோவில்பட்டி, தூத்துக்குடின்னு எங்கெங்கயோ இருந்து நடந்தே வாராங்க. வேன்காரரு ரெண்டு கிலோமீட்டருக்கு முன்னாடியே எறக்கி விட்டுட்டாரு, இதுக்கு மேல போகாதுன்னு. அங்கிருந்து அப்பத்தாவ எப்படி நடக்க வைக்கிறது, முட்டி ரெண்டும் தேஞ்சு போனவ. சித்தப்பா ஆட்டோ பாக்கப் போனா எரநூறு மீட்டர் போறதுக்கே முன்னூறு கேக்குறான். அதுக்குள்ள அவ பாட்டுக்குக் கம்ப ஊண்டிக்கிட்டுக் கெளம்பிட்டா, நாங்க பின்னாடி ஓடுறோம்.

வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டு விக்கிறவங்க தொல்லை வேற. இந்தா வச்சுக்கம்மான்னு கையில திணிச்சுட்டு அப்புறம் வெலை சொல்றது. ஒரு பய வந்து ஆளுக்கு ஐநூறு குடுங்க, பத்து நிமிசத்துல முன்னாடி கொண்டு போய் நிறுத்துறேன்னு சித்தப்பா காதுல ஓதுனான். சித்தப்பாவும் பையில கைய விட்டாரு. அப்பத்தா பாத்துட்டா. "ஏலே, சட்டுனு பாத்துட்டுப் போறதுக்கு ஆத்தா என்ன தாலுக்காபீஸா நடத்துறா, வரிசையில வாலே"ன்னு ஒரு சத்தம். அறுவது நெருங்குற சித்தப்பா வரிசைக்கு வந்துட்டாரு. எங்கத்தை செருப்பு போனது தனிக் கதை, புதுச் செருப்பு.

வரிசையில அஞ்சு மணி நேரம். காத்து இல்ல, வேர்வை, சூடப் பொகை, புள்ளைக அழுக. எனக்கே தலை சுத்திருச்சு. அப்பத்தா தரையில குத்த வச்சு, முன்னாடி நின்ன விளாத்திகுளத்துப் புள்ளைக்குச் சாணி பெறக்க வந்த சிறுமி கதைய சொல்லிக்கிட்டிருக்கா. கூடையக் கீழ வச்சா திரும்ப எடுக்க வரல, அப்புறம் அந்தச் சிறுமி மேல அம்மன் வந்து நான் இங்கன இருக்கேன்னு சொன்னது, எல்லாருக்கும் தெரிஞ்ச கதை தான். ஆனா அப்பத்தா சொல்லும்போது அந்தச் சிறுமி இவ கூடச் சாணி பெறக்கப் போனவ மாதிரியே இருக்கும். "சாணிக்கூடை என்ன கனம் கனக்கும்னு எனக்குத் தெரியும்டி"ன்னா.

விடிய மூணு மணிக்குச் சன்னதி. இதத்தான் எழுதணும்னு உக்காந்தேன்.

எலுமிச்சம்பழ மாலையும் பட்டுமா ஆத்தா உக்காந்திருக்கா, வலது கால மடிச்சு எடது காலத் தொங்கவிட்டு. தள்ளு தள்ளுன்னு பின்னாடி நெருக்குறாங்க. நான் கண்மலரக் கையில வச்சுக்கிட்டு என்னென்னமோ கேக்கணும்னு மனசுல அடுக்கி வச்சிருந்தேன், தம்பி கல்யாணம், என் வீட்டு லோனு, அப்பா பிரஷரு, ஒண்ணுமே வரல. அப்பத்தா பக்கத்துல நிக்கிறா. ஆபரேஷன் முடிஞ்சு மொத தடவையாப் பாக்குறா. எத்தனை வருசமா மங்கலாவே பாத்துட்டு இருந்தாளோ. கையெடுத்துக் கும்பிடக் கூட இல்ல. தலையச் சாச்சு உத்து உத்துப் பாத்துட்டு, சாதாரணமா, பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் கேக்குற மாதிரி கேட்டா.

"நானும் வந்து வந்து போறேன், நீயும் காலத் தொங்கப் போட்டு உக்காந்தே இருக்க. காலு வலிக்கலையா ஆத்தா ஒனக்கு?"

அவ்ளோ தான். வேற ஒண்ணும் கேக்கல. முட்டி வலியில ராத்திரியெல்லாம் முனகுறவ, தனக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. நான் அழுதுட்டேன், எங்கப்பாவும் திரும்பி நின்னு தொடைச்சுக்கிட்டாரு, தட்டுல தீபாராதனை காட்டிட்டு இருந்தவரு கூட ஒரு நிமிசம் திரும்பிப் பாத்தாரு. கண்மலர உண்டியல்ல எப்ப போட்டேன், எப்படி வெளிய வந்தேன், எதுவும் நெனவில்ல. ஆத்தா, நீ குடுத்தது போதும்மா, எங்க கெழவிய இன்னும் கொஞ்ச நாளு வச்சிரு.

வெளிய வந்து பொங்க வச்சு, மாவெளக்கு ஏத்தி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கிடா வெட்டலன்னு சித்தப்பாவுக்கு மட்டும் கொறை. சாத்தூர்ல நிறுத்திச் சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்குனோம், வழக்கம் போல தேவைக்கு மேல.

வேன்ல வரும்போது கண்மலர் என்ன வெலைன்னு கேட்டா. நூறு ரூவா அப்பத்தான்னு சொன்னேன், தெரிஞ்சா கத்துவா. கம்முனு இருந்தா. கொஞ்ச நேரங்கழிச்சு என் பையில இருந்து கடைச் சீட்ட எடுத்து எட்டப் பிடிச்சுப் பாக்குறா. அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனா எண்ணு தெரியும், குரோஸ் கணக்குப் பாத்தவ.

"அறுநூத்தி நாப்பது"ன்னா.

சுருக்குப் பைய அவுத்து, உதவித்தொகை நோட்டு ஒரு ஐநூறு, அப்புறம் ஒரு நூறு, நாலு பத்து, எச்சிலத் தொட்டு எண்ணி என் மடியில வச்சா. "என் கண்ணுக்கு நீ எதுக்குத் துட்டுப் போடணும்."

வாங்கிக்கிட்டேன். வாங்கலன்னா ஊரு வர்ற வரைக்கும் பேச மாட்டா.