தீபாவளிக்கு முன் பூட்டுகிறோம்: வெளியீட்டு நாட்குறிப்பு, சிங்கப்பூர்

2025 அக்டோபர் 13, திங்கள்

அடுத்த திங்கள் தீபாவளி, பொது விடுமுறை. வியாழன் மாலை 6 மணியோடு வெளியீடுகளை நிறுத்துகிறோம். அதற்குள் லாக் கோப்பு, அதாவது நாம் பயன்படுத்தும் பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளின் (பேக்கேஜ்களின்) துல்லியமான பதிப்புகளைப் பூட்டி வைக்கும் கோப்பு, ஒழுங்காக இருக்க வேண்டும்.

என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் கருவி. நம் நிரலைக் கட்டியெழுப்பும் பில்ட் கட்டளைகளில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ இருக்கும் இடமெல்லாம் ‘என்பிஎம் சிஐ’ என்று மாற்றியாயிற்று. எந்தப் பேக்கேஜ்கள் வேண்டும் என்று நாம் எழுதும் பேக்கேஜ் கோப்பும் லாக் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் இன்ஸ்டால் சத்தமில்லாமல் லாக்கைத் திருத்திவிட்டுப் போய்விடும். சிஐ பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். சர்வரில் பில்ட் ஆகும்போது அப்படி நிற்பதுதான் நல்லது.

பேக்கேஜ் கோப்பில் பதிப்பை ^4.4.0 என்று எழுதினால் 4.4.0 முதல் 5.0.0க்குக் கீழே எது வேண்டுமானாலும் வரலாம். ~4.4.0 என்றால் 4.5.0க்குக் கீழே மட்டும். முதல் எண் பூஜ்யமானால் கணக்கே வேறு: ^0.3.1 என்பது 0.4.0ஐத் தொடாது.

அக்டோபர் 14, செவ்வாய்

போன மாதம் 8ஆம் தேதி நடந்ததை வைத்தே இன்றைய மாற்றம். என்பிஎம் பேக்கேஜ்களின் பராமரிப்பாளர் ஒருவரைப் போலி மின்னஞ்சலில் ஏமாற்றி, ‘டீபக்’ 4.4.2, ‘சாக்’ 5.6.1 உள்ளிட்ட பேக்கேஜ்களில் கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் நிரலைச் செருகிவிட்டார்கள். நம் நேரப்படி இரவு 9 மணி வாக்கில் அவை வெளியாயின. சுமார் இரண்டு மணி நேரத்தில் பிடிபட்டன. அந்த இடைவெளியில், லாக் இல்லாமல் ^4.4.0 என்று மட்டும் எழுதி இரவு பில்ட் ஓட்டியிருந்தால் 4.4.2 நேராக உள்ளே வந்திருக்கும்.

என்பிஎம் போன்ற இன்னொரு கருவியான பிஎன்பிஎம்மில், 10.16 முதல் பேக்கேஜின் குறைந்தபட்ச வயதை, அதாவது ஒரு பதிப்பு வெளியாகி எவ்வளவு நேரம் கழித்து நிறுவலாம் என்பதை, நிமிடக் கணக்கில் கொடுக்கலாம். நாங்கள் வைத்தது 10080, அதாவது ஏழு நாள். அவசரப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அந்தப் பேக்கேஜுக்கு மட்டும் விலக்கு. ஒட்டுமொத்த அமைப்பைத் தளர்த்தக் கூடாது.

அக்டோபர் 15, புதன்

பைதான் மொழிப் பக்கம். நேரடியாகக் கேட்கும் பேக்கேஜ்களை மட்டும் பூட்டினால் போதாது என்பதற்கு எண் கணக்கீட்டுப் பேக்கேஜான நம்பை 2.0 நல்ல சாட்சி. 2024 ஜூனில் அது வந்ததும், 1.x தலைப்புக் கோப்புகளோடு தொகுத்த பழைய வீல்கள் (முன்கூட்டியே தொகுத்துத் தரப்படும் பேக்கேஜ் கோப்புகள்) ‘டீடைப் அளவு மாறிவிட்டது, எதிர்பார்த்தது 96, கிடைத்தது 88’ என்று பிழை காட்டி விழுந்தன. நம்பையைத் தங்கள் பட்டியலில் எழுதாதவர்களும் மாட்டிக்கொண்டார்கள்; அவர்கள் கேட்ட பாண்டாஸ் என்ற தரவுப் பேக்கேஜ் அதை இழுத்து வந்திருந்தது. அதனால் ‘பிப்-கம்பைல்’ என்ற கருவி கொண்டு, மறைமுகமாக வரும் பேக்கேஜ்கள் உட்பட முழு மரத்தையும் ஹாஷோடு (ஒவ்வொரு கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டோடு) எழுதி, நிறுவும்போது ஹாஷைக் கட்டாயமாக்குகிறோம்.

பைதான் 3.14 வந்து எட்டு நாள்தான் ஆகிறது. இப்போதைக்குத் தொட வேண்டாம். வீல் இன்னும் வராத பேக்கேஜை, பைதானின் நிறுவல் கருவியான பிப், மூல நிரலிலிருந்து தொகுக்கப் பார்க்கும். நிரல் தனியாக ஓடும் பெட்டியான சிறிய கன்டெய்னரில், அதற்குத் தேவையான சி கம்பைலர் இருக்காது.

அக்டோபர் 16, வியாழன்

அடிப்படை இமேஜ்களை (கன்டெய்னர்களுக்கு அச்சாக இருக்கும் கோப்புத் தொகுப்புகளை) டேக் பெயரால் அல்ல, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் 64 எழுத்து டைஜஸ்டால் குறித்தோம். ‘நோட் 22’ என்ற டேக் இன்று ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று. ஒரு பிரதியை நம் சொந்தப் பதிவகத்திலும் (இமேஜ்களைச் சேமிக்கும் சர்வரிலும்) ஏற்றியாயிற்று. சோதனையில் தேறிய இமேஜ்தான் உற்பத்திக்குப் போகும். மறுபடி பில்ட் கிடையாது.

நிறுத்தம் தொடங்கிற்று. விலக்குக் கேட்பவர் ஒன்றை நினைவில் வைக்கவும்: 2021 டிசம்பரில், பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட ஜாவா நூலகமான லாக்4ஜே, 2.15.0 முதல் 2.17.1 வரை அந்த ஒரே மாதத்தில் நான்கு பதிப்புகள் கண்டது. முதல் திருத்தத்தைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் விடுமுறையில் திரும்பி வர வேண்டியிருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்றுப் பிற்பகல் அமேசான் கிளவுடின் வடக்கு வர்ஜீனியா பகுதி தடுமாறியபோது, இமேஜ்களின் பொதுப் பதிவகமான டாக்கர் ஹப்பும் சேர்ந்து தடுமாறியது. நம் பதிவகத்திலிருந்த பிரதி போதுமானதாக இருந்தது. பில்ட் எதுவும் வெளியே போய்க் கேட்கவில்லை.

நாளை திறக்கிறோம். காத்திருக்கும் மேம்படுத்தல்கள் ஒன்பது. ஒரு கமிட்டுக்கு (பதிவு செய்யும் ஒரு நிரல் மாற்றத்துக்கு) ஒரு பேக்கேஜ், அதற்கு மேல் வேண்டாம். ஏதாவது உடைந்தால் அந்த ஒன்றைத் திருப்பினால் போதும். சோதனைப் பேக்கேஜ்கள் முதலில், தரவுத்தள டிரைவர் கடைசியில்.